உதிர்ந்ததைக் கேட்டவள்

திருவள்ளூர்
12-8-1973

சௌபாக்கியவதி ஹேமாம்புஜத்துக்கு அக்கா அம்புஜவல்லி அநேக ஆசீர்வாதம். இங்கு நான், உன் அத்திம்பேர், குழந்தை பங்கஜம் மூவரும் வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரியாவது எழுது.

மெட்ராஸ் டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை விவரமாக எழுதியிருந்தார். பிரசவத்துக்குப் பிறகு கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டதாம். முடி கொட்டுவது அதனால்தானாம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மெதுவாகத் திரும்பி முளைக்கும் என்று அவரே சொல்லியிருக்கும்போது நீ எதற்கு உலகமே கவிழ்ந்த மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறாய்?

நான் சொல்வதைக் கேள். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. உடனே காபியைத் தூக்காதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொறு. வாரத்தில் இரண்டு நாள் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி விரல் நுனியால் தடவு, நகத்தால் பிறாண்டாதே. சோப்பு வேண்டாம், வடிகஞ்சியில் சீயக்காய் கரைத்துக்கொள். ஈரத் தலையைத் துண்டால் அடிக்காதே. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, எள்ளுருண்டை ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் காலாற நட. ராத்திரி நேரத்தோடு படு. இதையெல்லாம் ஒரு நாள் செய்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காதே. மாதக்கணக்கில் செய்.

தை அமாவாசைக்கு நீ இங்கே இருக்க வேண்டும். உன்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "சித்தி எப்போ வருவா?" என்று பங்கஜம் தினம் என் உயிரை எடுக்கிறாள். ஆறு வயதுக்கு இந்த வாய் அதிகம். உன்னிடமிருந்து வந்ததுதான்.

வேறு விசேஷமில்லை.
ஆசீர்வாதங்களுடன்,
அம்புஜவல்லி

*

கவரைப்பேட்டை
25-8-1973

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் ஹேமாவின் நமஸ்காரங்கள். நாங்கள் இருவரும் க்ஷேமம். குழந்தைக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாத்திரை சாப்பிடுகிறேன். மற்றதெல்லாம் செய்யத் தலையில் ஏதாவது இருக்க வேண்டாமா? எலிவால் மாதிரி மிஞ்சியிருந்ததும் போன வாரம் போய்விட்டது. இதை உனக்குச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன்.

இவர் வேலை பார்ப்பது டோப்பா கம்பெனி என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கோயில்களில் ஏலம் எடுத்த முடி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அலசி, உலர்த்தி, டோப்பாவாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இவர் கணக்கு எழுதுகிறவர்தான். ஆனாலும் தீட்டு என்று சொல்லி, தினமும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். ஊரார் முடிக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவருக்கு வீட்டில் இப்படி ஒரு பெண்டாட்டி.

அக்கா, நம் தெருவில் எத்தனை பேரை முக்காட்டோடு பார்த்திருக்கிறோம். புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் அந்தக் கோலம். இவர் கல்லுக்குண்டாக இருக்கும்போது எனக்கு ஏன் அந்தத் தலை? குங்குமத்தை இட்டுக்கொண்டு, அதற்கு மேல் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நான் எப்படித் திருவள்ளூர்த் தெருவில் நடப்பேன்? பூ வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பின்னல் வரட்டும், வருகிறேன். அதுவரை கூப்பிடாதே.

போய்விட்ட என் குழந்தையைப் பற்றி நீ எதுவும் எழுதாமல் விட்டது நல்லது. இனியும் எழுதாதே.

உன்,
ஹேமா

*

திருவள்ளூர்
4-9-1973

ஹேமாவுக்கு ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் அத்திம்பேருக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை நெருக்குகிறது, இடுப்பு வலி என்று முனகுகிறார். பங்கஜத்துக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. பின்னல் இல்லாவிட்டால் நீ என் தங்கை இல்லையா? ஆனாலும் நீ பிடிவாதக்காரி, உன்னோடு வாதாடி ஜெயித்தவர் யார்? முடி வளரட்டும். அதற்கு ஒத்துழை. போன அமாவாசையில் உன் பேரைச் சொல்லித் திருக்குளத்தில் வெல்லம் கரைத்தேன். அது கரைகிற மாதிரி உன் நோயும் கரையும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உதிர்ந்த முடியையெல்லாம் என்ன செய்தாய்? அம்மா நமக்குச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? விரலில் சுருட்டி, மூன்று தரம் எச்சில் துப்பித்தான் எறிய வேண்டும். அப்படியே விட்டால் அது இன்னும் நம்முடையதாகவே இருக்கும், யார் கையில் வேண்டுமானாலும் போய்ச் சேரும். படித்தவள் நீ, சிரிப்பாய். சிரித்துவிட்டுச் செய்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்புஜவல்லி

*

கவரைப்பேட்டை
22-9-1973

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கு க்ஷேமம். அத்திம்பேர் இடுப்புக்குத் தவிட்டு ஒத்தடம் கொடு. பங்கஜத்தின் பல்லைக் கூரையில் எறிந்தீர்களா?

எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்று சொன்னால் நம்புவாயா? பக்கத்து வீட்டுக்காரி. பெயர் சந்திரகலா. மத்தியானம் இவர் கம்பெனியில் இருக்கும் நேரம், பின்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மதில் ஓரமாக வந்து நின்றாள். தலையில் இறுக்கமாக முக்காடு. "ஏம்மா, ஒண்டியா குந்திக்கினு இன்னாத்துக்கு அழுவுறே?" என்றாள். தன் தலையைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் இதே கதிதான். ஒரு கொயந்த பொறந்திச்சி, போச்சி. முடியும் கூடவே பூட்ச்சி" என்றாள்.

அக்கா, இத்தனை மாதத்தில் என்னை யாரும் இப்படி நான் வாய் திறக்காமலே புரிந்துகொள்ளவில்லை. அன்று முதல் தினமும் வருகிறாள். நீ எழுதியதையெல்லாம் அவள்தான் செய்ய வைக்கிறாள். எண்ணெய் சுட வைப்பேன், அவள் தடவிவிடுவாள். விரல்கள் கொஞ்சம் சில்லென்று இருக்கும், ஆனால் அவ்வளவு மெத்து. பயறு வேக வைத்தேனா என்று கேட்பாள். மாலையில் தண்டவாளம் வரை நடக்கச் சொல்வாள். மாத்திரையை மறந்த நாளன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தூக்கம் வருகிறது இப்போது.

உன்,
ஹேமா

*

திருவள்ளூர்
30-9-1973

ஹேமாவுக்கு ஆசீர்வாதம். நாங்கள் நலம். உன் நலமே வேண்டுவது.

அந்தச் சந்திரகலா மகராசியாக இருக்க வேண்டும். நான் செய்ய வேண்டியதை அவள் செய்கிறாள். நல்ல நாளில் அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடு. அவள் வீட்டுக்காரர் என்ன வேலை, மனுஷர்கள் எத்தனை பேர் என்று ஒன்றும் எழுதவில்லையே.

உதிர்ந்த முடியைப் பற்றிக் கேட்டிருந்தேன், அதற்கும் பதில் இல்லை.

ஆசீர்வாதங்களுடன்,
அம்புஜவல்லி

*

கவரைப்பேட்டை
1-11-1973

அக்காவுக்கு நமஸ்காரம். தீபாவளிக்கு உன் கடிதம், பட்சணப் பொட்டலம் எல்லாம் வந்தது. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் அவள் வந்துவிடுகிறாள், பேச்சில் பொழுது போய்விடுகிறது.

முளைத்திருக்கிறது அக்கா! நெற்றியோரம் கன்றுக்குட்டியின் உச்சியில் இருக்குமே, அந்த மாதிரி மெல்லிசாக. டாக்டரும் பார்த்தார். மாத்திரை வேலை செய்கிறது, சாப்பாட்டையும் தூக்கத்தையும் இப்படியே வைத்துக்கொள் என்றார். இவர் சந்தோஷத்தில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்துவிட்டார். எங்கே வைப்பதென்று தெரியாமல் இருவரும் சிரித்தோம். கடைசியில் பெருமாளுக்குச் சாத்தினேன்.

நீ திரும்பத் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன். குழந்தை போன பிறகு உதிர்ந்த முடி எதையும் நான் எறியவில்லை. எறிய மனம் வரவில்லை. ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன். சந்திரகலா பார்த்துவிட்டு, "தூக்கி எறிஞ்சிடாதேம்மா, எனக்குக் குடு. சவுரி கட்டிக்கிறேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். இப்போதும் சீப்பில் வருகிற ஒன்றிரண்டை அவளே எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். பாவம், அவள் தலையில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை போலிருக்கிறது. முக்காட்டை எடுத்ததே இல்லை.

உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, பங்கஜத்துக்கு என்ன பிடிக்கும், நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன், சின்ன வயதில் நாம் என்ன சண்டை போட்டோம் என்று. உன் சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பதுகூட இப்போது அவளுக்கு அத்துப்படி.

உன்,
ஹேமா

*

கவரைப்பேட்டை
14-11-1973

மதிப்புக்குரிய அக்காவுக்கு ஸம்பத்குமார் நமஸ்காரம். உபயக்ஷேமம்.

ஹேமாவுக்குத் தெரியாமல் கம்பெனியில் இருந்து இதை எழுதுகிறேன். பதிலைக் கம்பெனி விலாசத்துக்கே போடவும்.

சந்திரகலா என்று ஒருத்தியைப் பற்றி அவள் உங்களுக்கு எழுதியிருப்பாள். அந்த அம்மாளுக்கு நன்றி சொல்ல நினைத்து, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஆரோக்கியமேரியிடம் விசாரித்தேன். "இன்னா சாமி சொல்றீங்கோ? அந்த ஊடு நான் வேலைக்கு வந்த நாளா பூட்டிக்கினுதானே கீது" என்றாள். போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருக்கிறது. மத்தியானங்களில் ஹேமா பின்கட்டில் தனியாக உட்கார்ந்து பேசிச் சிரிப்பதை ஆரோக்கியமேரி பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள்.

டாக்டரிடம் கேட்டேன். அந்தச் சுரப்பி மந்தமானால் மனசும் தடுமாறும், உடம்பு தேறத் தேறச் சரியாகும், இப்போது எதிர்த்துப் பேசி உலுக்காதே என்றார். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், முடியும் வருகிறது. அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்தத் துணிப்பை வீட்டில் எங்கும் இல்லை.

இப்படிக்கு,
ஸம்பத்குமார்

*

திருவள்ளூர்
24-11-1973

ஹேமாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கு நல்ல மழை. பங்கஜத்துக்கு ஜலதோஷம், மற்றபடி சௌக்கியம்.

கன்றுக்குட்டி உச்சி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நானும் உன் அத்திம்பேரும் சிரித்தோம். பெருமாளுக்கு ஒரு தளிகை நேர்ந்துகொண்டேன்.

சும்மாதான் கேட்கிறேன். சந்திரகலாவுக்குக் காபி கொடுப்பதுண்டா? குடிப்பாளா? நீ அவள் வீட்டுக்குள் போயிருக்கிறாயா? எப்போதாவது வெயிலில் நின்று பேசியிருக்கிறாளா?

முடியை மட்டும் இனிமேல் கொடுக்காதே. காரணம் கேட்காதே. அக்கா சொல்கிறாள் என்று வைத்துக்கொள். மாத்திரையும் எண்ணெயும் பயறும் நீயே பார்த்துக்கொள்ளலாம். இத்தனை நாளில் பழகியிருக்குமே.

ஆசீர்வாதங்களுடன்,
அம்புஜவல்லி

*

கவரைப்பேட்டை
19-12-1973

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்கள் க்ஷேமம். பங்கஜத்தின் ஜலதோஷம் தேவலையா?

நீ கேட்ட பிறகுதான் யோசித்தேன். ஒரு வாய் தண்ணீர்கூட அவள் இங்கே குடித்ததில்லை. முடி இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "போதும்மா. எனக்கு நெறைஞ்சி போச்சி" என்றாள். அதற்குப் பிறகு வரவில்லை. எங்காவது போயிருப்பாள்.

முதலில் ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது. இப்போது எண்ணெயை நானே தடவிக்கொள்கிறேன். என் விரல் எனக்குச் சூடாக இருக்கிறது.

தலை எப்படி இருக்கிறது என்று எழுத மாட்டேன். தை அமாவாசைக்கு இவரோடு வருகிறேன், நீயே பார். ஆச்சரியப்படுவாய். பங்கஜத்திடம் சொல்லாதே.

உன்,
ஹேமா

*

திருவள்ளூர்
10-1-1974

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸம்பத்குமாருக்கு ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம். அவசரமாக எழுதுகிறேன், தபால் கட்டுவதற்குள் பெட்டியில் போட வேண்டும். ஹேமா சொன்னாளென்று வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

ஹேமா முந்தாநாள் வந்து சேர்ந்தாள். அமாவாசைக்கு வருவதாக எழுதியவள் இப்படித் திடீரென்று வந்து வாசலில் நிற்பாள் என்று யார் கண்டது? நீங்கள் இப்படித் தனியாக ரயிலேற்றி அனுப்பலாமா? கேட்டால், உங்களுக்கு லீவு இல்லை என்கிறாள்.

அந்தக் கூந்தலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா நீங்கள்! இடுப்புக்குக் கீழே வழிகிறது. அதே சுருள், அதே கருப்பு. சில மாதத்தில் இப்படி வளருமா என்று இவர் கேட்டார். வீரராகவன் நினைத்தால் வளராதா என்றேன். கம்பெனி டோப்பாவோ என்று விளையாட்டாக இழுத்தும் பார்த்தேன், தலையோடு வந்தது. உட்கார வைத்து வாரிவிட்டேன். சீப்பில் ஒரு முடி வரவில்லை. பிடரிக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக முடிச்சுகள் இருந்தன. சிக்கு என்று நினைத்துப் பிரிக்கப் போனேன், என் கையை எடுத்துவிட்டாள். கை ஜில்லென்று இருந்தது. ரயிலில் வந்த அலுப்பு.

அதிகம் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது. முகமும் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. பெற்றுப் பறிகொடுத்தவள் முகம் மாறாதா? உண்மையைச் சொன்னால் நான் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கண் கூந்தலை விட்டு நகரவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டேன், அமாவாசைக்குப் பார்க்கலாம் என்று ஒதுங்கிவிட்டாள். சாப்பாடு மட்டும் போதாது, இலையில் வைத்தது அப்படியே இருக்கிறது. ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. நான் கேட்காமலே சமையலறைக்குள் போய் வெந்தய டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

நீங்கள் எழுதிய விஷயத்தை அவளிடம் நான் வாயே திறக்கவில்லை. எல்லாம் தெளிந்துவிட்டது என்றே படுகிறது.

பங்கஜம் அவளை விட்டு நகரவில்லை. சித்தியின் பின்னலைப் பிடித்துக்கொண்டேதான் தூங்குகிறாள். பொங்கலுக்குக் குழந்தையை அழைத்துப் போகிறேன், அமாவாசைக்கு எல்லோருமாக வருகிறோம் என்று ஹேமா கேட்டாள். பிள்ளை முகம் பார்த்தால் அவள் மனசுக்கும் ஆறுதல் என்று சரி சொல்லிவிட்டேன். நாளைக் காலை ரயிலில் புறப்படுகிறார்கள். ஸ்டேஷனில் வந்து இறக்கிக்கொள்ளவும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்புஜவல்லி

*

கவரைப்பேட்டை
12-1-1974

அக்கா,

நீ இவருக்கு எழுதிய கடிதம் சற்று முன் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் நானே பிரித்துவிட்டேன்.

நான் அங்கே வரவில்லை. இந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. என் தலையில் இரண்டு விரற்கடை முடிதான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் உன்னை ஆச்சரியப்படுத்த நினைத்தேன். பங்கஜம் இங்கே வரவில்லை.

ஆரோக்கியமேரி கம்பெனிக்கு ஓடியிருக்கிறாள். இவர் வந்ததும் தந்தி அடிக்கச் சொல்ல வேண்டும், போலீசுக்குப் போக வேண்டும். அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எழுதுகிறேன். மார்கழியில் ஒரு நாள் மதிலில் ஏறிப் பக்கத்து வீட்டைப் பார்த்தேன் அக்கா. பின்கதவுப் பூட்டு துருப்பிடித்து, வாசற்படியெல்லாம் செடி முளைத்துக் கிடந்தது. நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. இவர் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறார், நீயும் என்னிடம் சொல்லவில்லை. நான் தேற வேண்டுமென்று ஆளுக்கு ஒன்றை மறைத்தோம்.

நான்தான் வழி சொன்னேன். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, குழந்தைக்கு என்ன பிடிக்கும், எல்லாம் நான்தான் சொன்னேன்.

சத்தம் கேட்கிறது.

பக்கத்து வீட்டுக்குள் இருந்து. குழந்தை சிரிக்கிற சத்தம். பல் விழுந்த வாயோடு பேசுகிற பேச்சு. "சித்தி, நீயும் எனக்குப் பின்னி விடேன்" என்கிறது. பங்கஜம்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

கூப்பிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "வெளியே யாரோ கூப்பிடறா, சித்தி" என்கிறாள்.

இவர் வரும்வரை நிற்க முடியாது. அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு போகிறேன், அந்தப் பூட்டு எத்தனை அடி தாங்கும்? கடிதத்தை மேஜை மேல் வைக்கிறேன், இவர் பார்த்துத் தபாலில் சேர்ப்பார். அக்கா, அங்கே சித்தி என்று ஒருத்தி இடுப்பு வரை கூந்தலோடு உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தலையோடு நான் போய் நின்றால் குழந்தை யாரிடம் வருவாள்?

ஆனாலும் முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். தெரு முழுக்கப் பார்க்கட்டும். பங்கஜம் என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஹேமா